லென்ஸுக்குள் குடியேறும் ஈரம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் படமெடுக்க ஏற்ற காலம் எது என்று கேட்டால், காட்டுயிர் ஒளிப்படக்காரர்களில் பலரும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தைத்தான் சொல்வார்கள். 2003இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஊதாத் தவளை, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு முதல் மழைக்குச் சில நாட்கள் மட்டும் மேலே வருகிறது. கோடை மழை தொடங்கும்போது ஆனைமலைக் காடுகளில் மின்மினிகள் கூட்டமாக ஒளிர்கின்றன. மழையில் ஊறி மட்கும் கட்டைகளில் இரவில் பச்சையாகச் சுடர்விடும் காளான்கள் முளைக்கின்றன. 2018இல் மூணாறு மலைகளை மூடிய நீலக்குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்கும்போதும் மழையும் மூடுபனியும் விலகியிராது. இவற்றை எடுக்க விரும்புகிறவர் கேமராவை ஈரத்துக்குள் கொண்டுபோயே தீர வேண்டும்.

இதற்குச் சந்தையில் விற்கும் தீர்வுகள் பெரும்பாலும் மழையைக் குறிவைத்தவை. மழை உறை, நீர் புகாத பை, ரப்பர் வளையங்களால் அடைத்த கேமரா உடல் என்று பட்டியல் நீள்கிறது. அவை வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மழைத்துளி கண்ணுக்குத் தெரிகிறது, தெரிந்தவுடன் துடைத்துவிடுகிறோம். என் கணிப்பில், கேமராவுக்கு உண்மையான ஆபத்து படமெடுத்து முடித்து, பையை மூடி, விடுதி அறையின் மூலையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகும்போது தொடங்குகிறது. வீடு திரும்பியபின் அதே பை பீரோவுக்குள் கிடக்கும் வாரங்களில் அது முற்றுகிறது. பணத்தையும் கவனத்தையும் அந்த நேரத்துக்கு மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடற்கரையில் ஈரம் செய்யும் வேலை வேறு, மலையில் செய்யும் வேலை வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்தைச் சொல்லும் அறிவுரைகள்தான் அதிகம்.

காற்று சூடாக இருந்தால் அதிக நீராவியை ஏற்கும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 டிகிரியில் 17 கிராம்தான். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஆவியில் 80 சதவீதம் ஏற்கெனவே அதில் இருக்கிறது என்று பொருள். 30 டிகிரியும் 80 சதவீதமும் சேர்ந்த காலைப்பொழுது நம் கடலோர ஊர்களில் சாதாரணம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கிவிடும். இரயிலின் ஏசி பெட்டியில் 22 டிகிரியில் இரவைக் கழித்த கேமராவோடு ராமேஸ்வரத்தில் இறங்கி, உடனே பையைத் திறந்து கடலைப் படமெடுக்கப் போகிறவருக்கு என்ன நடக்கும் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. லென்ஸின் முகம் வெளுத்துவிடும். துடைத்தால் மறுபடி வெளுக்கும். கண்ணாடி 26 டிகிரியைத் தாண்டும்வரை எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை.

வெளியே படிவதால் கெடுதல் குறைவு. அந்தப் பதற்றத்தில் லென்ஸைக் கழற்றுகிறோமே, அதுதான் கெடுதல். குளிர்ந்த சென்சாரின் மேலும் லென்ஸின் பின்கண்ணாடி மேலும் அப்போது ஈரம் படிகிறது. ஜூம் லென்ஸை அந்த நேரத்தில் நீட்டிச் சுருக்கினாலும் இதே கதைதான். துருத்தி காற்றை இழுப்பதுபோல் அது வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

தீர்வு எளிது, செலவில்லாதது. ஏசியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, உள்ளே இருக்கும்போதே, கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடிவிட வேண்டும். ஈரம் உறையின் வெளிப்புறத்தில் படியும். கேமரா உள்ளே மெல்லச் சூடேறும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுத்துத் திறக்கலாம். பெரிய டெலி லென்ஸுக்கு இன்னும் கூடுதலாகும். விடியலில் படமெடுக்கப் போகிறவர்கள் இரவிலேயே கேமராவை ஏசி இல்லாத இடத்தில், அதாவது பால்கனியை ஒட்டிய இடத்திலோ குளிக்காத நேரத்துக் குளியலறையிலோ வைப்பதுண்டு. நீலகிரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, மலையேறும் சோதனைச் சாவடிகளில் கெடுபிடி அதிகம். மெல்லிய கேரி பேக்கை நம்பிப் போகாமல், பல ஆண்டு உழைக்கும் தடித்த உறை இரண்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கடற்கரையின் இன்னொரு எதிரி உப்பு. தனுஷ்கோடியில் ஒரு மணி நேரம் நின்றாலே கேமராவின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூள் படிந்துவிடும். சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருக்கும் ஆவியை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். ஆகவே, கடற்கரையை விட்டு வந்த பிறகும், ஈரப்பதம் ஏறும் ஒவ்வோர் இரவும் கேமராவின் மேல் உப்புத் தண்ணீர் ஊறுகிறது. ஃபிளாஷ் பொருத்தும் இடம், பேட்டரியின் முனைகள், லென்ஸின் பொன்னிறத் தொடுமுனைகள், முக்காலியின் திருகுகள் எல்லாம் அரிக்கப்படுவது இப்படித்தான். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு போகாது, தேயும். கண்ணாடியில் கீறலும் விழும். நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் முதலில் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். நம் பருத்தித் துண்டு இதற்கு மிகப் பொருத்தம். முக்காலியின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவியே விடலாம்.

மலைக்கு வருவோம். வால்பாறையிலோ ஆகும்பேயிலோ ஜூலையில் ஏசி கிடையாது, தேவையும் இல்லை. உள்ளேயும் வெளியேயும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றே என்பதால் லென்ஸ் திடீரென்று வெளுப்பது அங்கே அரிது. அங்கே உள்ள துன்பம், எதுவும் காய்வதில்லை என்பதுதான். துவைத்த சட்டை மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் ஈரம் போகாத ஊரில் கேமராப் பை மட்டும் எப்படிக் காயும்? ஈரப்பதம் பகலிரவாக 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. பூஞ்சை கேட்பது இதைத்தான்.

புகைப்படக்காரர்கள் ஃபங்கஸ் என்று அஞ்சுவது ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற, ரொட்டியிலும் தோல் செருப்பிலும் நாம் காணும் பூஞ்சை இனங்களைத்தான். கண்ணாடியில் அதற்குச் சாப்பாடு இல்லை. தூசு, துணி இழை, உராய்வைக் குறைக்கப் பூசிய கிரீஸ், விரல் ரேகையின் எண்ணெய் ஆகியவையே போதும். வளரும்போது அது கக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கிறது. பூஞ்சையைத் துடைத்தெடுத்த பிறகும் சிலந்தி வலை வடிவில் தடம் நிலைத்துவிடுவது அதனால்தான். ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனம் தரும் வரம்புகள் நினைவில் வைக்கத்தக்கவை. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல், வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை, இருட்டு, அசையாத காற்று ஆகியவை சேர்ந்தால் பூஞ்சை வளரும். 65 சதவீதத்துக்குக் கீழே பொதுவாக வளர்வதில்லை. மூடிய கேமராப் பையின் உட்புறத்தை, பூஞ்சை வளரும் அந்தச் சூழலைவிடச் சரியாக வருணிக்க முடியாது.

இது போர்க்களத்தில் கற்ற பாடமும்கூட. இரண்டாம் உலகப் போரில் நியூகினித் தீவின் காடுகளுக்குப் போன படைகளின் தொலைநோக்கிகளும் குறிபார்க்கும் கருவிகளும் சில வாரங்களிலேயே உள்ளே பூஞ்சை படர்ந்து பயனற்றுப்போயின. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர்கள் இதை ஆராய இறங்கினார்கள். டர்னர், பூஞ்சையியல் அறிஞர் எத்தல் மெக்லென்னன் முதலியோர் மெர்தியோலேட் என்ற பாதரசச் சேர்மத்தைக் கருவிகளுக்குள் சேர்த்துப் பூஞ்சையைத் தடுக்கும் வழியைக் கண்டார்கள். அதுபற்றிய கட்டுரை 1946இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. பாதரசத்தை வைத்துக்கொண்டு இன்று யாரும் கேமரா லென்ஸ் செய்யமாட்டார்கள். ஆகவே, லென்ஸுக்குள் காவலர் இல்லை. வெளியே இருக்கும் காற்றைத்தான் நாம் சரிசெய்ய முடியும்.

இங்கேதான் பை குற்றவாளியாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லிட்டர் கொள்ளளவுள்ள காற்றுப்புகாத டப்பாவில், 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்று நிறைந்திருந்தால் அதிலிருக்கும் மொத்த நீராவி அரை கிராம்தான். நன்றாக உலர்ந்த 50 கிராம் சிலிக்கா ஜெல் ஏறக்குறைய 10 கிராம் நீரை உறிஞ்சும். டப்பாவை அது சிரமமில்லாமல் உலர்த்திவிடும். அதே 50 கிராமை மழையில் நனைந்த முதுகுப்பைக்குள் போட்டால்? நுரையும் துணியும் நாடாவும் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர் எளிதில் நூறு கிராமைத் தாண்டும். ஜிப்பின் இடுக்குகள் வழியே வெளிக்காற்றும் வந்துகொண்டே இருக்கும். சிலிக்கா ஜெல் சில மணி நேரத்தில் தோற்றுவிடும். அப்புறம் அது பையில் கிடக்கும் கூழாங்கல். தோல் உறைகள் இன்னும் மோசம். ஈரத்தையும் பிடிக்கும், பூஞ்சைக்குச் சாப்பாடும் ஆகும்.

எனவே, இரவில் செய்ய வேண்டிய முதல் வேலை கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுப்பது. துடைத்து, காற்றாட வைத்து, பிறகு ரப்பர் விளிம்புள்ள சமையலறை டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடிவிட வேண்டும். பையைத் திறந்து, உள்ளிருக்கும் தடுப்புகளைக் கழற்றி, தனியே தொங்கவிட வேண்டும். பயணத்தில் பெலிக்கன் வகைக் கெட்டிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெட்டியே டப்பா. ஆனால் அவர்களும் ஈரக் கேமராவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து நீர் புகாத பெட்டி உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது.

சிலிக்கா ஜெல்லுக்கு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் பேட்ரிக் 1919இல் காப்புரிமை பெற்றார். நூறாண்டு கடந்தும் அதைவிட மலிவான, நம்பகமான உலர்த்தி பயணிக்கு வாய்க்கவில்லை. அதை வாங்குகிறவர்கள் நிறம் மாறும் வகையை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அது உழைக்கிறதா செத்ததா என்றே தெரியாது. ஆரஞ்சு நிறம் ஈரமானால் கரும்பச்சையாகும் வகை நல்லது. நீலம் இளஞ்சிவப்பாகும் பழைய வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அது புற்றுநோய் ஐயத்துக்கு உள்ளானது, கையாளுவதில் எச்சரிக்கை வேண்டும். நிறம் மாறியதை ஏறக்குறைய 110, 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். வீட்டில் ஓவன் இருந்தால் எளிது. விடுதிச் சமையல்காரரிடம் இரும்புச் சட்டி கேட்டு மெல்லிய தீயில் புரட்டி எடுப்பவர்களும் உண்டு. ஆரஞ்சு வகை கருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தச் சட்டியில் பிறகு சமைக்கக்கூடாது. புதுச் செருப்புப் பெட்டியில் வரும் குட்டிப் பொட்டலங்களைச் சேர்த்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அவை நம் கைக்கு வருமுன்பே நிரம்பிவிட்டவை.

மலையில் சிலிக்கா ஜெல்லுக்கு மேலாக உதவுவது சூடு. 20 டிகிரி, 95 சதவீத ஈரப்பதமுள்ள அறைக்காற்றை 27 டிகிரிக்குச் சூடேற்றினால், ஒரு துளி நீரையும் வெளியேற்றாமலே ஈரப்பதம் 62 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளில் கேட்டால் ஹீட்டர் தருகிறார்கள். அதைக் குளிருக்காக மட்டுமல்லாமல் கேமராவுக்காகவும் வாங்கலாம். ஓரிரு மீட்டர் தள்ளி வைத்தால் போதும்.

வீடுகளிலும் இந்த வித்தை நெடுங்காலம் நடந்தது. மர அலமாரிக்குள் ஜீரோ வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு அதில் லென்ஸ்களை அடுக்கி வைப்பார்கள். பெயர்தான் ஜீரோ, அந்தப் பழைய இழை பல்பு 15 வாட் அளவுக்கு மின்சாரம் குடித்து, அதில் பெரும்பகுதியைச் சூடாக்கித் தந்தது. 28 டிகிரியில் 85 சதவீதமாக இருக்கும் சென்னைக் காற்று 33 டிகிரிக்கு ஏறினால் 64 சதவீதமாகிவிடும். அது பூஞ்சையின் எல்லைக்கு வெளியே, மயிரிழையில். பிறகு எல்ஈடி பல்பு வந்தது. அதே பெயரில், அதே வடிவில் விற்கும் அரை வாட் எல்ஈடியைப் பழக்கத்தில் மாட்டிவிட்டு, வெளிச்சம் எரிகிறதே என்று திருப்தியாக இருப்பவர்கள் உண்டு. வெளிச்சத்தால் லென்ஸுக்குப் பலனில்லை, சூடுதான் காத்தது. பழைய பல்பைத் தேடிப் பிடித்து மர அலமாரியில் துணி, அட்டையோடு எரியவிடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த இடத்தை இன்று, உள்ளிருக்கும் ஈரப்பதத்தைத் தானே கட்டுப்படுத்தும் மின் அலமாரியான டிரை கேபினெட் எடுத்துக்கொண்டிருக்கிறது. சென்னை, கொச்சி, மங்களூரு போன்ற ஊர்களில் இரண்டு, மூன்று நல்ல லென்ஸ்கள் வைத்திருப்பவருக்கு அது ஆடம்பரம் ஆகாது. 45 சதவீதத்தை ஒட்டி வைத்தால் போதும். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் உள்ளிருக்கும் கிரீஸும் ரப்பரும் பாதிக்கப்படலாம். கேபினெட் இல்லாதவருக்குப் பெரிய டப்பாவும் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லும் அதே வேலையைச் செய்யும். மாதம் ஒருமுறை நிறத்தைப் பார்க்கும் பொறுமை மட்டும் வேண்டும். பீரோவில் வைப்பவர்கள் அந்துருண்டையையும் கற்பூரத்தையும் அப்புறப்படுத்த வேண்டும். அவற்றின் ஆவி லென்ஸில் படலமாகப் படியும். ஈரத்தை அவை உறிஞ்சுவதே இல்லை. கடைகளில் அலமாரிக்கென்று விற்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் நன்றாகவே உறிஞ்சும், ஆனால் உறிஞ்சியபின் உப்புக் கரைசலாகித் தளும்பும். கேமராவுக்குப் பக்கத்தில் அது கூடாது.

அரிசியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மூட்டையில் இருக்கும் அரிசியில் ஏற்கெனவே 12 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கிறது. நனைந்த கேமராவை அதில் புதைத்து வைப்பதால் கிடைப்பது அரிசித் தூசுதான். வறுத்து ஆறவைத்த அரிசி கொஞ்சம் உறிஞ்சும் என்பது உண்மை. வேறெதுவும் கிடைக்காத ஊரில் அதைத் துணியில் முடிந்து டப்பாவின் மூலையில் வைக்கலாம்.

மழை உறை விஷயத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குடையும் துண்டும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கேமரா நிறுவனங்கள் சொல்லும் ‘ஈரம் தாங்கும்’ என்ற உறுதி பெரும்பாலும் எந்தத் தரக்குறியீட்டாலும் அளக்கப்படாதது. ஓஎம் சிஸ்டமின் ஓஎம்-1 போல ஐபி53 என்று குறியீட்டோடு வருபவை மிகச் சில. அடைப்புள்ள கேமராவில் அடைப்பில்லாத லென்ஸை மாட்டினால் அந்த அடைப்புக்கு அர்த்தமில்லை. கேனான் எல் வரிசையின் சில லென்ஸ்களில் முன்புறம் ஃபில்டர் மாட்டினால்தான் அடைப்பே முழுமையாகும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்!

தண்ணீரில் விழுந்தே விட்டால் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். வேலை செய்கிறதா என்று இயக்கிப் பார்க்கும் அந்த ஓர் அழுத்தம்தான் பல கேமராக்களைக் கொன்றது. லென்ஸையும் கார்டையும் எடுத்து, மூடிகளைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாள் வைக்கலாம். ஹேர் டிரையர் வேண்டாம். சூட்டோடு நீரையும் இன்னும் உள்ளே தள்ளும். விழுந்தது கடல்நீர் என்றால் காத்திருக்காமல் அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஏற்கெனவே பூஞ்சை வந்துவிட்டதா என்று பார்க்க, லென்ஸின் ஒரு பக்கத்தில் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். முன்கண்ணாடியின் ஓரத்தில் ஓரிரு இழை இருந்தால் படத்தில் தெரியவே தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது மட்டும் சற்று மங்கலடிக்கும். பின்கண்ணாடிக்கு அருகே இருந்தால் விரைவில் தெரியும். வெயிலில் காயவைத்தால் செத்துவிடும் என்ற நம்பிக்கையில் லென்ஸை மாடியில் வைப்பவர்கள், அது தீமூட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஆகும் என்பதை மறக்கிறார்கள். பூஞ்சை பிடித்த லென்ஸ் பக்கத்து லென்ஸுக்கும் பரப்பிவிடும் என்ற அச்சத்தில் பாதிதான் உண்மை. வித்துகள் எல்லாக் காற்றிலும் எப்போதும் இருக்கின்றன. ஒரே அலமாரியில் ஐந்து லென்ஸ்களுக்கும் பூஞ்சை வந்தால், காரணம் முதல் லென்ஸ் அல்ல, அலமாரி. சுத்தம் செய்யக் கொடுப்பதானால் சீக்கிரம் கொடுங்கள், பூச்சு அரிக்கப்படுமுன்.

கேபினெட்டோ புதுப் பையோ வாங்குமுன் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கும். மலிவுக் கருவி என்பதால் அது காட்டும் எண்ணை நம்புமுன் ஒரு சோதனை செய்யலாம்: ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரப்பதமானியோடு ஜிப் உறையில் அடைத்து ஒரு நாள் விடுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும். கருவி 80 காட்டினால் 5 கழித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை உங்கள் கேமராப் பைக்குள் ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். 65க்கு மேல் காட்டினால் லென்ஸ் அங்கே இருக்கக்கூடாது.